வாலிலிருந்து தொடங்கும் விமானம்

ஆகாய விமானத்தைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடித்து, பின்னர் அதில் தாமே ஏறிப் பறப்போர் உலகில் பல்லாயிரவர் உளர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்பவர்கள். 1953-ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் பால் பொபெரெஸ்னி என்பவர் தம் நண்பர் சிலருடன் கூடிப் பரிசோதனை விமானச் சங்கம் ஒன்றை நிறுவினார். அச்சங்கத்தின் ஆண்டு விழா 1970 முதல் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் நடைபெற்று வருகின்றது. 1973-ல் ஆரிகன் மாநிலத்தில் ரிச்சர்டு வான்கிரன்ஸ்வென் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் உறுப்புத் தொகுதிகளைக் கொண்டு கட்டப்பட்டு இதுகாறும் பறந்துள்ள விமானங்கள் மட்டுமே 11,000-க்கு மேற்பட்டவை.

இவ்வாறு கட்ட முற்படுபவருக்கு முதலில் வந்து சேரும் பெட்டியில் இருப்பது எந்திரமுமன்று, இறக்கையுமன்று. வால் பகுதியின் உறுப்புகளே அதில் இருக்கும். வாலை முடித்த பின்னரே இறக்கை, அதன் பின்னர் உடற்பகுதி, இறுதியில் எந்திரமும் கருவிகளும் என்பது வழக்கமான வரிசை. இவ்வரிசைக்கு வணிகர்கள் கூறும் காரணங்கள் எளியவை: வாலின் விலை குறைவு, மேசை ஒன்றும் சுவரோரம் சிறிது இடமும் இருந்தால் கட்டிவிடலாம், மனம் மாறினாலும் இழப்பு பெரிதன்று. இவை உண்மையே. ஆயினும், ஆசிரியர்களும் கள அலுவலர்களும் கவனிக்க வேண்டிய காரணம் வேறொன்று உண்டு என்பது என் கருத்து. பின்னால் வரும் வேலைகளுக்கெல்லாம் தேவையான கைத்திறனும், அதனினும் அரிதான மதிப்பிடும் திறனும் வாலைக் கட்டும்போதே ஒருவருக்கு அமைந்துவிட வேண்டும். அப்போது அமையாவிடின் பின்னர் அமைவது கடினம். இந்த முதற்பாடத்தை விரைவில் முடித்துவிடும் போக்கு அண்மைக் காலத்தில் வளர்ந்து வருகின்றது. அதனை ஏற்க இயலாது என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

முதலில் வால் எதற்காக என்பதைச் சிறிது பார்ப்போம். பள்ளி மாணவர் பலர் வால் விமானத்தைத் திருப்புவதற்கு மட்டுமே உள்ளது என்று எண்ணுகின்றனர். அதன் முதற்கடமை விமானத்தை நிலைபெறச் செய்வதாகும். எண்ணிக்கை எளிமைக்காக ஓர் உதாரணம் கொள்வோம். விமானத்தின் எடை 800 கிலோகிராம். அதன் புவியீர்ப்பு மையம், இறக்கையின் தூக்குவிசை செயற்படும் புள்ளிக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் உள்ளது. கிடைவால் அப்புள்ளிக்கு 4 மீட்டர் பின்னால் உள்ளது என்க. எடை மூக்கைக் கீழே இழுக்கின்றது. அதனைச் சமன் செய்ய வால் 20 கிலோகிராம் அளவு கீழ்நோக்கி அழுத்தினாற் போதும்; 800-ஐ 0.1-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவே. கிணற்று ஏற்றத்தில் நீள்கழியின் தத்துவம் எதுவோ அதுவே இங்கும். காற்றின் வேகத்தால் மூக்கு மேலே எழுந்தால், வாலும் காற்றைச் சந்திக்கும் கோணம் மாறி, அதன் கீழ்நோக்கிய அழுத்தம் குறைகின்றது. மூக்கு தானே பழைய நிலைக்கு இறங்குகின்றது. ஓட்டுநர் கைவைக்காமலே இது நிகழ்கின்றது.

இதனைச் சோதனையால் முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு அல்போன்ஸ் பெனோ. 1871-ல் பாரிஸ் நகரத்துத் தோட்டமொன்றில், முறுக்கிய ரப்பரால் இயங்கிய அவரது சிறு மாதிரி விமானம் ஏறத்தாழ 11 விநாடி நிலையாகப் பறந்தது. இறக்கையைவிடச் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் பின்புறம் பொருத்திய சிறு வாலே அதன் இரகசியம். காகிதமும் மூங்கிற் குச்சியும் கொண்டு எந்தப் பள்ளியிலும் இதனைச் செய்து காட்டலாம்.

வாலின் வேலையைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கும் வீட்டு விமான வரலாற்றிலேயே சான்று உண்டு. 1933-ல் பிரான்சின் ஆன்றி மின்யே ஒரு சிறு விமானத்தை அமைத்துப் பறந்தார். ‘வானத்துத் தெள்ளுப்பூச்சி’ என்ற வேடிக்கைப் பெயருடைய அதனைப் பிரான்சிலும் பிரிட்டனிலும் பலர் ஆர்வத்துடன் கட்டினர். அதில் தனி எலிவேட்டர் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரு இறக்கைகள். முன்னிறக்கையைச் சாய்த்தே ஏற்றமும் இறக்கமும் நடைபெறும். மூக்கு மிகக் கவிழ்ந்த நிலையில் ஓட்டுநர் கைப்பிடியைப் பின்னிழுத்தால், முன்னிறக்கை சாய்ந்து, இரண்டின் இடைவெளி வழியே பாயும் காற்றால் பின்னிறக்கையின் தூக்குவிசை மேலும் பெருகிற்று. மூக்கு எழுவதற்குப் பதிலாக இன்னும் கவிழ்ந்தது. உயிர்கள் பல மடிந்தன. 1936-ல் பிரிட்டனிலும் பிரான்சிலும் முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்த பின்னரே காரணம் புலப்பட்டது. பின்னர் அமைப்பைத் திருத்திக் கட்டிய விமானங்கள் நன்கு பறந்தன என்பதையும் கூறிவிடுதல் நியாயம். மின்யேயின் ஊக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஊக்கம் சோதனையை முந்திவிட்டது.

இனி மேசையண்டை வருவோம். பெட்டியைத் திறந்தால் மெல்லிய அலுமினியத் தகடுகளும், வளைத்த விலாச்சட்டங்களும், நீண்ட குறுக்குச் சட்டங்களும் காணப்படும். தகட்டின் கனம் 0.016, 0.020, 0.032 அங்குலம் என்ற அளவுகளில் இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 2024 என்ற எண்ணால் குறிக்கப்படும் இவ்வுலோகத்தில் தாமிரம் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேல் கலந்துள்ளது. தாமிரம் வலிமை தருகின்றது. ஆனால் அரிப்புக்கும் இடந்தருகின்றது. ஆகவே இருபுறமும் தூய அலுமினியத்தை மிக மெல்லிய போர்வையாக ஏற்றியிருப்பர். வேலை செய்பவர் கவனக்குறைவாக ஓர் ஆணியால் கீறினால் கிழிவது அந்தப் போர்வையே. பென்சிலால் கூடக் கோடிடலாகாது என்று அனுபவசாலிகள் எச்சரிப்பர். பென்சிற் கரி அலுமினியத்தின்மேல் தங்கினால் ஈரம் பட்டவிடத்து அரிப்பை வளர்க்கும். மை எழுதுகோலே உகந்தது.

தகடுகளை இணைப்பது ரிவெட் என வழங்கும் தறையாணி. ஒரு வாலில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆணிகள் உண்டு. ஒன்றை அடிப்பது ஓரிரு விநாடி வேலை. அதற்கு முன் நடப்பவையே நீண்டவை. முதலில் தகடுகளைச் சட்டங்களின்மேல் பொருத்தி, கிளீக்கோ என்னும் வில்லூசிகளால் துளைதோறும் தற்காலிகமாகப் பிணைக்க வேண்டும். வெள்ளி நிறத்தவை 3/32 அங்குலத் துளைக்கு, செம்பு நிறத்தவை 1/8 அங்குலத் துளைக்கு என்ற ஏற்பாடு உலகெங்கும் ஒன்றே. பின்னர் துளைகளை இறுதி அளவுக்குத் துளைத்து, எல்லாவற்றையும் மீண்டும் பிரித்து, ஒவ்வொரு துளையின் இருபுற விளிம்பிலும் ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் உள்ள பிசிற்றை நீக்க வேண்டும். ஆணித்தலை தகட்டின் மட்டத்துக்கு அமிழ்வதற்காகத் துளையைச் சுற்றிக் குழிவு இடவேண்டும். அரிப்புத் தடுப்புப் பூச்சு அதன் பின். மறுபடியும் பொருத்திப் பிணைத்த பிறகே ஆணி.

கட்டிப் பிரித்து மீண்டும் கட்டும் இவ்வேலை புதியவருக்குச் சலிப்பூட்டும். பிசிறு நீக்குவதை மிகையென்று நினைப்பவர் பலர். ஆனால் பிசிறு என்பது ஒரு சிறு விரிசலின் முதல் வீடு. எந்திரத்தின் அதிர்விலும் காற்றின் தட்டலிலும் தகடு இலட்சக்கணக்கான முறை மிக நுண்ணிய அளவில் வளைந்து நிமிர்கின்றது. விளிம்பில் கூர்மையான ஒரு பள்ளம் இருந்தால், அழுத்தம் அங்கே குவிந்து விரிசல் தொடங்குகின்றது. பாய்முடையில் ஓரத்திலே ஒரு கீற்று முறிந்தால் முழுப் பாயும் அவ்விடத்திலிருந்தே பிரியத் தொடங்குவதை நம் கிராமத்தார் அறிவர்.

ஆணி அடித்தபின் அதன் மறுபுறத்தில் உருவாகும் தலைக்கு அளவு உண்டு. ஆணித்தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். அடிக்கும் முன் ஆணி தகட்டுக்கு வெளியே ஒன்றரை மடங்கு நீண்டிருக்க வேண்டும். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து விட்டத்தைப்போல் இரு மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். 3/32 அங்குல ஆணியின் விட்டம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர், எனவே தலையின் அகலம் 3.6, உயரம் 1.2, ஓர இடைவெளி 4.8 மில்லிமீட்டர் என மாணவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். தகடுகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்க முயலும்போது ஏற்படும் வெட்டு விசையை ஆணி தாங்குகின்றது. நேராக இழுத்துப் பிரிக்கும் விசைக்கு அது ஏற்றதன்று. குழிவிட்ட இரு தகடுகள் ஒன்றினுள் ஒன்று அமர்ந்திருப்பதால் அவ்வெட்டு விசையில் ஒரு பங்கைத் தகடுகளே ஏற்றுக்கொள்கின்றன.

இங்கேதான் மதிப்பிடும் திறன் தேவைப்படுகின்றது. நூறு ஆணிகளில் ஏதேனும் ஐந்தாறு ஆணிகள் பிழையாக அமைந்தே தீரும். ஒன்றின் தலை ஒருபுறம் சாயும். ஒன்று மிகையாக நசுங்கும். ஒன்று தகட்டை விட்டு நூலிழை எழும்பி நிற்கும். பிழையான ஆணியைத் துளைத்து எடுத்துவிடலாம். ஆனால் புதியவர் துளைத்தெடுக்கும்போது துளை பெரிதாகிறது, முட்டை வடிவாகிறது, சிலவேளை அடியிலுள்ள சட்டமே காயப்படுகிறது. சற்றே குறையுள்ள ஓர் ஆணியை நீக்கப்போய், நல்ல துளையைக் கெடுத்துக் கொள்வது மிகச் சாதாரணமாக நிகழ்வது. எந்தக் குறையை விட்டுவைக்கலாம், எதனை நீக்கியே ஆகவேண்டும் என்று முடிவு செய்ய அளவுக் கருவி உதவும். ஆயினும் முடிவைக் கருவி சொல்லாது. அயர்ந்துபோன மாலை வேளையில், யாரும் பார்க்காத கொட்டகையில், ஒருவர் தம் வேலையைத் தாமே பழுதென்று தள்ள வேண்டியிருக்கிறது. நம் தொழிற்பள்ளிகளில் மாணவர் செய்ததை ஆசிரியர் தள்ளுகின்றார்; மாணவர் தள்ளிப் பழகுவதில்லை. இதனை ஒரு பெருங்குறையாகவே நான் கருதுகிறேன்.

அமெரிக்க விதி இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே கட்டியவர்க்கே இவ்வகையில் அனுமதி உண்டு. அதுவும் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியதாக இருத்தல் வேண்டும். கல்வி என்ற சொல் சட்டத்திலேயே உள்ளது. கட்டுபவர் நாட்குறிப்பும் புகைப்படங்களும் வைத்திருந்து, வேலை தம்முடையதே என்று காட்ட வேண்டும். முடிந்தபின் அரசாங்கப் பரிசோதகரோ, அரசாங்கம் அமர்த்திய பிரதிநிதியோ பார்வையிடுவார். முதற்சோதனைப் பறத்தல் பெரும்பாலும் 25 அல்லது 40 மணி நேரம், குறித்த எல்லைக்குள் நடைபெறும். இது பரிசோதனை விமானம் என்ற அறிவிப்பு, ஏறுபவர் கண்ணிற் படுமாறு எழுதப்பட்டிருக்கும். பரிசோதகர் பார்க்கும் காலத்தில் வாலின் உட்புறம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். உள்ளே நடந்ததைச் சொல்வதற்கு நாட்குறிப்பையன்றி வேறு சாட்சி இல்லை. குளம், அணைக்கட்டு, குழாய்க் கிணறு என எதனைக் கவனிக்கும் கள அலுவலருக்கும் இது புதிய செய்தியன்று. மண்ணுக்குள் புதைந்துவிட்ட வேலைக்குப் பதிவேடே கண்.

சென்ற சில பத்தாண்டுகளில் தொகுதிகள் மிகவும் திருந்திவிட்டன. முற்காலத்தில் கட்டுபவர் தாமே கோடிட்டு, சாரச் சட்டத்தில் உறுப்புகளை நிறுத்தி, துளையிட வேண்டும். இப்போது துளைகள் கணிப்பொறியால் முன்னரே இடப்பட்டு வருகின்றன. துளையோடு துளை பொருந்தினால் வடிவமும் நேராகிவிடுகிறது. இதனால் வால் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து பெரிதும் நீங்கியது, இது வரவேற்கத்தக்கதே. பழைய முறையைப் புகழ்ந்து புதியதை இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இதனைத் தொடர்ந்து, கட்டுவதற்கு உதவும் கூடங்கள் தோன்றின. விமானத்தை இரு வாரங்களில் ஓடுபாதைக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு கம்பெனி திட்டமே வகுத்தது. கட்டுபவரின் பங்கு தேய்ந்து போகாதிருக்க, 2009-ல் அமெரிக்க அரசாங்கம் பெரும்பகுதி என்பதை அளந்தறியும் வழிமுறைகளைத் திருத்தி வெளியிட்டது. உதவி பெறுவதில் தவறில்லை. எனினும் வாலையாவது ஒருவர் தம் கையால், தம் வேகத்தில், தம் பிழைகளோடு கட்டட்டும். ஒரு வாரத்தில் பிறர் துணையால் முடிந்த வாலில் ஆணிகள் அழகாகவே இருக்கும். அவற்றுள் எது தவறியது, ஏன் தவறியது என்பது மட்டும் உரியவருக்குத் தெரியாது.

இது வீண் பிடிவாதமன்று என்பதற்கு 2023-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். தேவை பெருகியபோது வான்ஸ் கம்பெனியின் உறுப்புகள் சிலவற்றில் துளைகள் அச்சுக்குப் பதிலாக லேசர் கதிரால் வெட்டப்பட்டன. கதிர் வட்டமாகச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே முடியும்போது, அங்கே ஒரு நுண்ணிய பள்ளம் நின்றுவிட்டது. குழிவு இடும்போது அவ்விடத்தில் விரிசல் காணப்பட்டது. தங்கள் மேசையில் பூதக்கண்ணாடியுடன் அமர்ந்திருந்த கட்டுபவர்கள் அவற்றைக் கண்டு தெரிவித்தனர். கம்பெனி சோதனைகள் நடத்தி, மாற்ற வேண்டியவை எவை, பயன்படுத்தத்தக்கவை எவை என்று அறிவித்தது. இச்செலவும் பிற நெருக்கடிகளும் சேர்ந்து 1973 முதல் நடந்துவந்த அந்நிறுவனம் 2023 டிசம்பரில் கடன் சீரமைப்புக்காக நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 2024-ல் அதிலிருந்து மீண்டது. பெரிய தொழிற்சாலையிலிருந்து வந்த துளையாயிற்றே என்று நம்பி, பாராமலே ஆணியிட்டு மூடியவரும் அக்காலத்தில் இருந்திருப்பர். கண்டவர்கள் பார்த்தமையாற் கண்டார்கள்.

வாலில் மிக நுட்பமான வேலை சுக்கானின் பின்விளிம்பு. இருபுறத் தகடுகளும் கூடும் நீண்ட கத்திமுனை போன்ற அவ்விடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக ஆணியடித்துச் சென்றால், உலோகம் சிறிது சிறிதாக நீண்டு விளிம்பு வில்லாக வளைந்துவிடும். தையற்காரர் நீண்ட ஓரத்தை அங்கங்கே ஊசி குத்தி நிறுத்துவதுபோல், இடைவிட்டு இடைவிட்டு அடித்து, மீண்டும் இடைவெளிகளின் நடுவே அடித்து வரவேண்டும். எலிவேட்டரிலோ தகடு மடிந்தே விளிம்பாகின்றது; உட்புற விறைப்புப் பட்டைகள் முடியுமிடத்தில் தகடு துடித்து விரிசலுறாமலிருக்க, மூடுவதற்குமுன் ஒரு துளி ரப்பர்ப் பசை இடுவர். வெளியே ஒருபோதும் தெரியாத பசை அது.

எலிவேட்டரின் முன்கொம்புகளில் ஈயக்கட்டி பொருத்தப்படுவதையும் பலர் விளங்கிக் கொள்வதில்லை. கீலுக்குப் பின்னால் எடை மிகுந்திருந்தால், வால் மேலெழும்போது எலிவேட்டர் பின்தங்கித் தாழ்கின்றது. அதனால் காற்று வாலை இன்னும் உதைக்கின்றது. ஒன்றையொன்று வளர்த்து, படபடப்பு என்னும் அதிர்வு சில விநாடிகளில் வாலையே பிய்த்தெறியக்கூடும். ஈயம் கீலின் முன்னால் நின்று அதனைச் சமன் செய்கின்றது. அழகுக்காக வண்ணத்தின்மேல் வண்ணம் பூசினாலும், பள்ளத்தை மறைக்கப் பூச்சுமண் அப்பினாலும் கீலின் பின்னே எடை கூடுகின்றது; ஆகவே வண்ணம் தீட்டியபின் சமனை மீண்டும் சோதிக்க வேண்டும். பழைய உதாரணத்தின்படி, 4 மீட்டர் பின்னால் சேர்ந்த ஒரு கிலோகிராம், புவியீர்ப்பு மையத்தையும் அரைச் சென்டிமீட்டர் பின்னே தள்ளிவிடும்.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம், அமெரிக்கரான பர்ட் ரூட்டானின் வீட்டு விமான வடிவத்தைத் தழுவிய சிறு ஆராய்ச்சி விமானமொன்றை 1987-ல் பறக்கவிட்டது; அதன் கிடை நிலைப்பான் பின்னாலன்றி மூக்கருகே இருந்தது. பம்பாயில் விமான ஓட்டுநர் அமோல் யாதவ் குடியிருப்பின் மொட்டைமாடியில் கட்டிய ஆறிருக்கை விமானம் 2016-ல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 2017-ல் பதிவு பெற்று, 2019-ல் சோதனைப் பறத்தலுக்கு அனுமதி பெற்றது. அலுமினிய வேலையில் தேர்ந்த கைகள் நம்மிடம் பஸ் கூடு கட்டும் பட்டறைகளிலும் ரயில் பெட்டித் தொழிற்சாலைகளிலும் ஏராளமாக உண்டு. விமானமே கட்டவேண்டுமென்று எல்லாப் பள்ளிகளுக்கும் கூறுவது பொருந்தாது. வாலின் பாடத்தை மட்டும் மிகச் சிறிய அளவில் எடுத்துக் கொள்ளலாம்.

தொழிற்பயிற்சி நிலையத்திலோ உயர்நிலைப் பள்ளியின் கைத்தொழில் வகுப்பிலோ, விரலகலமுள்ள இரண்டு அலுமினியத் துண்டுகளும் ஆறு மென்னலுமினிய ஆணிகளும் ஒரு மாணவருக்குப் போதும். கடைத்தெரு அலுமினியம் விமான அலுமினியமன்று. பயிற்சிக்கு அதனால் தடையில்லை. ஓர இடைவெளியை மாணவர் கணக்கிட்டுக் குறிக்கட்டும். துளைத்து, பிசிறு நீக்கி, சுத்தியாலும் தாங்கிரும்பாலும் ஆணியிடட்டும். பின்னர் ஒவ்வொரு தலையின் அகலத்தையும் உயரத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து எழுதட்டும். வேண்டுமென்றே ஒரு துளையில் மட்டும் பிசிற்றை விட்டுவைத்து, அத்துண்டை முன்னும் பின்னும் வளைத்து, எங்கே முதலில் கிழிகின்றது என்று பத்து மடங்கு பூதக்கண்ணாடியால் வகுப்பு முழுவதும் பார்க்கட்டும். இறுதியில் ஆறு ஆணிகளில் எவற்றை ஏற்கலாம், எவற்றைத் தள்ள வேண்டும் என்று காரணத்துடன் மாணவரே குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆசிரியர் தம் முடிவை அதன் கீழே, அதற்குப் பின்னரே எழுதுவார்.